நட்சத்திர விடுதிக்கு 25 வருடச் சந்தா எதற்கு?

கேள்வி: நானும் மனைவியும் மாதச் சம்பளக்காரர்கள். அடுத்த வருடம் எங்கள் 25-வது திருமண நாள். ஒரு தடவையாவது கடலோரம் ஒரு பெரிய ரிசார்ட்டில், நல்ல அறையில் தங்கிவிட வேண்டும் என்று ஆசை. குலுக்கலில் மூன்று இரவு இலவசத் தங்கல் விழுந்திருப்பதாகச் சொல்லி எங்கள் இருவரையும் ஒரு கூட்டத்துக்கு அழைத்தார்கள். 25 வருட உறுப்பினர் திட்டமாம், வருடத்துக்குச் சில நாள் அவர்கள் விடுதியில் தங்கலாமாம். தவணையில் கட்டலாம், இன்றே கையெழுத்துப் போட்டால் பாதி விலை என்றார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம். தினமும் போன் வருகிறது. சேரலாமா? சேராவிட்டால் எங்கள் வருமானத்தில் அப்படி ஒரு இடத்தில் தங்க வழி உண்டா?

பதில்: சேர வேண்டாம். நாளைக்கும் போன் வரும் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். வழி உண்டா என்றால், நிறையவே உண்டு. அதற்கு வருவோம்.

விடுதி முன்பதிவுப் பிரிவில் 15 வருடம் வேலை பார்த்தவன் நான். இப்படிச் சேர்ந்துவிட்டு, பள்ளி விடுமுறையில் அறை கேட்டுக் கெஞ்சிய குடும்பங்களிடம் "இடமில்லை" என்று சொன்ன வாய் இது. அதே நாளில் அதே விடுதியில், பணம் கொடுத்து வருகிறவருக்கு அறை இருக்கும். அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

உங்கள் இருவரையும் சேர்த்து அழைத்தார்களே, ஏன் தெரியுமா? ஒருவர் மட்டும் வந்தால் "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்துவிடலாம். இருவரும் உட்கார்ந்திருந்தால் அந்தக் கதவு அடைபட்டுவிடும். "இன்று மட்டும்" என்ற விலையும் அதே காரணத்துக்காகத்தான். வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டால் யாரும் சேர மாட்டார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தக் கணக்கை இப்போது போடுவோம். சேர்க்கைத் தொகை ஒன்று. தவணை என்றால் அதற்கு வட்டி. அப்புறம் வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம். பேச்சோடு பேச்சாகச் சொல்லிக் கடந்துவிடுவது இதைத்தான். நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும், வருடா வருடம் ஏறும். ஆண்டுக்கு 9 சதவீதம் ஏறினால் 8 வருடத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு. 25 வருடத்தில் எட்டு மடங்கைத் தாண்டும். இவற்றையெல்லாம் கூட்டி, நீங்கள் உண்மையில் தங்கப்போகும் இரவுகளால் வகுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதே அறையை நேரடியாக வாடகைக்கு எடுப்பதே மலிவாக இருக்கும். அந்த இலவச மூன்று இரவும் எளிதில் கைக்கு வராது. தேதி அவர்கள் சொல்வது, வரியும் சாப்பாடும் உங்கள் செலவு, விடுமுறை நாள்கள் கிடையாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்படிப்பட்ட திட்டங்களுக்கென்று 2009-லேயே ஒரு சட்டம் வந்தது. கையெழுத்துப் போட்ட பிறகும் 14 நாள்களுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். அந்த 14 நாள்களில் முன்பணம் வாங்கவே கூடாது. இவ்வளவு எளிய பாதுகாப்பு ஏன் எல்லா நாட்டிலும் இல்லை? கொண்டுவர யாருக்கும் மனமில்லை என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் தெரியவில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "என் நண்பருக்கு நல்லபடியாகத்தானே அமைந்தது" என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். வருடா வருடம் ஒரே இடத்துக்கு, ஒரே வாரத்தில், தவறாமல் போகிற குடும்பம் என்றால் உறுப்பினர் திட்டம் பயன்படலாம். அப்போதுகூட நிறுவனத்திடம் புதிதாக வாங்கக் கூடாது. ஏற்கெனவே வாங்கிவிட்டு விற்கத் தவிக்கும் ஒருவரிடம் வாங்க வேண்டும். மறுவிற்பனையில் இவற்றின் விலை அடிமட்டத்துக்கு விழுந்துவிடும். பராமரிப்புக் கட்டணத்திலிருந்து தப்பித்தால் போதும் என்று சும்மாவே கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. ஆனால் வாங்கும் முன் நான்கு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெயர் மாற்றத்தை நிறுவனம் ஏற்குமா, அதற்குக் கட்டணம் எவ்வளவு? பழைய பாக்கி ஏதாவது நிற்கிறதா? முதல் உறுப்பினருக்கு இருந்த சலுகைகள் உங்களுக்கும் வருமா? (பல திட்டங்களில் வராது.) குறிப்பிட்ட வாரம் உங்களுக்கென்று உறுதியா, அல்லது இடம் இருந்தால் மட்டும் அறையாக மாற்றிக்கொள்ளும் வெறும் புள்ளிகளா? புள்ளிகள் என்றால் விட்டுவிடுங்கள். உறுதியான வாரம், பாக்கி இல்லை, பெயர் மாற்றம் சுலபம் என்றால் யோசிக்கலாம். நீங்கள் கேட்பது ஒரு தடவைக்கு. ஆகவே இந்த விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்தாது.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. "உங்கள் உறுப்பினர் உரிமையை விற்றுத் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று வருகிறவரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். ஏமாந்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு மறுபடியும் ஏமாற்றுகிற கூட்டம் அது.

சரி, உங்கள் திருமண நாளுக்கு வருவோம். விடுதி அறை என்பது அன்றன்றைக்கு விற்க வேண்டிய சரக்கு. இன்றிரவு காலியாகக் கிடந்த அறையை நாளைக்கு விற்க முடியாது. அதனால் ஆள் குறைந்தால் விலை தானாக இறங்கும். அமெரிக்காவில் 1978-இல் விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கிய பிறகு, ஒரே இருக்கைக்கு நாளுக்கொரு விலை வைக்கும் முறையை விமான நிறுவனங்கள் வளர்த்தெடுத்தன. விடுதிகள் அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டன. இந்த ஏற்ற இறக்கத்தில் உங்களுக்குச் சாதகமான பக்கம் நின்றாலே பாதி வேலை முடிந்தது. ரிசார்ட்டுகள் வார இறுதியில் நிரம்பும், வார நாள்களில் காலியாக இருக்கும். நகரத்து வணிக விடுதிகள் நேரெதிர். நீங்கள் ஞாயிறு மதியம் போய்ச் சேருங்கள். திருமண நாள் சீசனின் உச்சத்தில் விழுந்தால் சீசன் முடிந்து இரண்டு மூன்று வாரம் தள்ளிப் போங்கள். அதே கடல்தான், அறை வாடகை மட்டும் வேறு.

ஐந்து இரவுப் பயணம் என்றால் நான்கு இரவு சுத்தமான எளிய அறையில் தங்கிவிட்டு, கடைசி ஒரு இரவை அந்தப் பெரிய இடத்தில் வையுங்கள். முதல் இரவை அங்கே கழித்தால் மீதி நாள்கள் சப்பென்று போகும். செக்-இன் நேரத்துக்கு முன்பே போய்ப் பைகளை ரிசப்ஷனில் வைத்துவிட்டுக் கேளுங்கள், நீச்சல் குளத்தையும் தோட்டத்தையும் பயன்படுத்தப் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். மறுநாள் அறையைக் காலி செய்த பிறகும் அப்படியே. ஒரு இரவு வாடகையில் கிட்டத்தட்ட இரண்டு பகல் கிடைத்துவிடும். அறையே வேண்டாம், அந்த இடத்தை அனுபவித்தால் போதும் என்கிறவர்களுக்குப் பல விடுதிகளில் டே பாஸ், அதாவது பகலில் மட்டும் வந்துபோகும் அனுமதிச் சீட்டு உண்டு.

அறை விஷயத்தில், நடுத்தர விடுதியின் பெரிய சொகுசு அறையைவிட, மிக நல்ல விடுதியின் மிகச் சிறிய அறையை எடுங்கள். குளமும் கடற்கரையும் பணியாளர்களின் கவனிப்பும் எல்லா அறைக்காரர்களுக்கும் ஒன்றுதான். "கடல் பக்க அறை" என்று போட்டிருந்தால் கடல் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். பால்கனியிலிருந்து கழுத்தை வளைத்தால் ஒரு துண்டு நீலம் தெரிகிற அறைக்கும் அந்தப் பெயர் உண்டு. "கட்டிலிலிருந்து கடல் தெரியுமா?" என்று நேராகக் கேளுங்கள்.

நட்சத்திரங்களை நம்பி முடிவெடுக்காதீர்கள். உலகம் முழுவதற்கும் பொதுவான தர அமைப்பு எதுவும் கிடையாது. ஐரோப்பாவில் சில நாடுகள் சேர்ந்து 2009-இல் ஒரு பொது முறையை உண்டாக்கின. மற்றபடி நாட்டுக்கு நாடு அளவுகோல் வேறு. துபாயின் புர்ஜ் அல் அரபு விடுதிக்குக் கொடுக்கப்படும் "ஏழு நட்சத்திரம்" கூட அதிகாரப்பூர்வமான தரம் கிடையாது. விளம்பரத்தில் போடுகிற நட்சத்திரத்தைத் தட்டிக்கேட்க ஆளில்லாத இடங்களில் பயணிதான் பலியாகிறார். சமீபத்திய விருந்தினர்கள் எடுத்துப் போட்ட படங்களைப் பாருங்கள், அவை ஓரளவு உண்மை சொல்லும்.

விலையை ஒப்பீட்டுத் தளங்களில் பாருங்கள், புக்கிங்கை நேரடியாகச் செய்யுங்கள். அந்தத் தளங்களுக்கு விடுதி கொடுக்கும் கமிஷன் 15 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும். அது மிச்சமானால் காலை உணவோ, தாமதமாக அறையைக் காலி செய்யும் சலுகையோ தர விடுதிக்கு மனம் வரும். 25-வது திருமண நாள் என்பதை மின்னஞ்சலில் எழுதுங்கள். நான் வேலையில் இருந்தபோது அப்படி வந்த கடிதங்களைத் தனியாக எடுத்து வைப்போம். வசதியான அறை காலியாக இருந்தால் முதலில் அவர்களைத்தான் நினைப்போம். வரி, ரிசார்ட் கட்டணம் என்று வாடகைக்கு மேல் தனியாகப் போடுவது எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடைசித் திரையில்தான் உண்மை விலையைக் காட்டும் வழக்கத்துக்கு அமெரிக்காவிலேயே 2025 மே மாதம்தான் தடை வந்தது.

இனி அந்தப் போன். "ஒப்பந்த நகலை மின்னஞ்சலில் அனுப்புங்கள், வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறோம்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். கூட்டத்தில் பரிசுப் பதிவுக்கு என்று கார்டு எண்ணைக் கொடுத்திருந்தால் இன்றைக்கே வங்கியைக் கூப்பிட்டு அந்தக் கார்டை முடக்கிவிட்டு வேறு வாங்குங்கள்.