ரெண்டும் காசில்லாமல்தானே கிடைக்கிறது, அப்புறம் என்ன வித்தியாசம்?

பாம்பனில் மீன் கம்பெனியில் கணக்கு பார்க்கிற தம்பி கேட்டது இதுதான்: ஆபீஸ் கம்ப்யூட்டரில் லிப்ரே ஆபீஸ் (கணக்கு, கடிதம் போடுகிற மென்பொருள்), டீம்வியூவர் (தூரத்துக் கம்ப்யூட்டரை இங்கிருந்தே இயக்குகிற மென்பொருள்) ரெண்டுமே ஓசியில் இறக்கியவை, பிறகு ஏன் முதலாவதை மட்டும் கட்டற்ற மென்பொருள் என்கிறார்கள்?

காசை விடுங்க தம்பி, உரிமையைப் பாருங்க. லிப்ரே ஆபீஸை எந்த வேலைக்கும் ஓட்டலாம், மூல நிரலை (மென்பொருளை எழுதிய கட்டளை வரிகளை) திறந்து மாற்றலாம், நகலெடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். ரிச்சர்டு ஸ்டால்மன் என்ற அமெரிக்க நிரலாளர், முழுக்கக் கட்டற்ற ஒரு இயங்குதளத்தை உருவாக்கும் குனூ திட்டத்தை 1983-ல் அறிவித்துத் தொடங்கிய வழி இது. விற்கக்கூடத் தடையில்லை, ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் பென்டிரைவில் போட்டு நூறு ரூபாய்க்கு விற்றாலும் அது தப்பில்லை.

டீம்வியூவர் வகையறா, சம்மாட்டி (படகு முதலாளி) சும்மா கொடுத்த வள்ளம் மாதிரி. ஓட்டலாம், எஞ்சினில் கை வைக்கக் கூடாது, எந்தத் தொழிலுக்கு என்று அவர்தான் சொல்வார். டீம்வியூவரின் இலவசம் சொந்த உபயோகத்துக்கு மட்டும், உங்க கம்பெனிக்கு உரிமம் வாங்கியாக வேண்டும் (இதை யாரும் படிப்பதில்லை). வீடியோ கால் பேசுகிற ஸ்கைப்பும் இலவசமாகத்தான் இருந்தது, 2025 மே மாதம் மைக்ரோசாப்ட் மூடியது, முடிந்தது கதை. ஆனால் ஓப்பன் ஆபீஸ் என்ற கட்டற்ற மென்பொருளை வைத்திருந்த சன் நிறுவனத்தை 2010-ல் ஆரக்கிள் வாங்கியதும், அந்த மென்பொருளில் வேலை பார்த்தவர்கள் பலர் நம்பிக்கையில்லாமல் அதே நிரலை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார்கள், அப்படி வந்ததுதான் நீங்கள் கணக்கு போடுகிற லிப்ரே ஆபீஸ். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையிருக்கவில்லை.

டீம்வியூவருக்குப் பதில் ரஸ்ட்டெஸ்க் போட்டுப் பாருங்க, அது கட்டற்றது.