அட்டிலாவில் மேற்கு ரோமை எடுத்துத் தாக்குப்பிடிப்பது எப்படி?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு 'டோட்டல் வோர்: அட்டிலா' கேமில் மேற்கு ரோமப் பேரரசை எடுத்தேன். கொஞ்சச் சுற்றிலேயே காசு முடிந்து பாதி மாகாணங்களில் கலகம். படையை ஒரு பக்கம் அனுப்பினால் மறுபக்கம் ஊர் எரிகிறது. எங்கே பிழைக்கிறது?"

தம்பி, எல்லா ஊரையும் காப்பாற்றப் பார்ப்பதுதான் பிழை. கேம் தொடங்குவது கி.பி. 395இல், ரோமப் பேரரசர் தியோடோசியஸ் இறந்து பேரரசு இரண்டு மகன்களுக்குப் பிரிந்த வருடம். பிரித்தானியாவிலிருந்து ஆபிரிக்கக் கரைவரை நிலம் உங்கள் கையில் இருக்கும், ஆனால் அதற்கு ஏற்ற படையும் இல்லை, வருமானமும் இல்லை. அதனால் முதற்சுற்றிலேயே எதை விடப்போகிறீர்கள் என்று முடிவெடுங்கள். எதிரி வந்து பறிக்கும்வரை காத்திருந்தால் ஊரும் போகும், அதற்குள் இருக்கும் படையும் போகும், நீங்கள் கட்டிய கட்டடங்களும் அவனுக்கே போய்ச் சேரும்.

நான் முதலில் விடுவது பிரித்தானியா. அங்கே இருக்கும் கட்டடங்களை இடித்தால் செலவின் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், படையைக் கப்பலேற்றிக் கோல் (இன்றைய பிரான்ஸ்) பக்கம் கொண்டுவந்துவிடலாம். உண்மையிலும் 407இல் மூன்றாம் கான்ஸ்டன்டைன் அங்கிருந்த படையைத் திரட்டிக்கொண்டு கோலுக்கு வந்தார், அதன்பிறகு ரோம் அந்தத் தீவை மீட்கவே இல்லை. ஊரை எரித்து வெறும் நிலமாக்கிவிட்டு வருவதா என்பது உங்கள் விருப்பம், ஆனால் பிறகு திரும்பிப்போய்க் குடியேற நிறையக் காசு கேட்கும், அதை யோசித்துச் செய்யுங்கள்.

விடவே கூடாதது இத்தாலியும், ஆபிரிக்கக் கரையில் இன்றைய துனீசியாவில் இருந்த கார்தேஜ் நகரமும். கேமில் காலநிலை மோசமாக மோசமாக நிலவளம் குறையும், வடக்கு மாகாணங்களில் விளைச்சல் விழும்போது உணவுக்குத் தெற்கைத்தான் நம்ப வேண்டியிருக்கும். வரலாற்றிலும் மேற்கு ரோமுக்கு ஆகப்பெரிய அடி 410இல் விசிகோத்தியரின் அரசன் அலாரிக் ரோமைச் சூறையாடியது இல்லை என்பதுதான் என் எண்ணம், 439இல் வண்டல் என்ற ஜெர்மானிய இனத்தின் அரசன் கெய்செரிக் கார்தேஜைப் பிடித்ததுதான். தானியமும் வரியும் அங்கிருந்துதான் வந்தன. அதை மீட்க 468இல் கிழக்கும் மேற்கும் சேர்ந்து அனுப்பிய பெரிய கப்பற்படை எரிந்துபோனது, அதற்குப்பின் மேற்கு எட்டு வருடம்தான் தாங்கியது. அதனால் தம்பி, காசு எவ்வளவு இறுகினாலும் ஆபிரிக்கக் கரையில் ஒரு படையும் கொஞ்சம் கப்பலும் நிற்கட்டும்.

கலகத்துக்கு வருவோம். இது பெரும்பாலும் சுகாதாரம், உணவு, வரி மூன்றிலும் இருந்து வருவது. பெரிய கட்டடம் கட்ட முதல் அதனால் வரும் அழுக்கைத் தாங்கக் குழாய்த்தண்ணீர், குளியலறைக் கட்டடங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள், இல்லாவிட்டால் நோய் பரவி ஊர் ஊராகப் போகும். கொதிக்கிற மாகாணத்துக்கு வரியைக் கொஞ்சக் காலம் நிறுத்திவிடுங்கள். ஆளுநர் எண்ணிக்கை மட்டு என்பதால் கைவிடப்போகும் மாகாணத்தில் ஆளுநரை வைத்து வீணாக்க வேண்டாம்.

சண்டையில், வெட்டவெளியில் ஹூணர்களின் குதிரை வில்லாளிகளைத் துரத்தாதீர்கள், பிடிக்க முடியாது, களைத்துப்போவீர்கள். மதில் இருக்கும் நகரத்துக்குள் இழுத்து, தெருக்களைத் தடுப்புப் போட்டு அடைத்து, ஒடுங்கிய இடத்தில் ஈட்டிப்படையைக் கேடயச் சுவராக நிறுத்துங்கள், அவர்களுக்குப் பின்னால் வில்லாளிகள். குதிரைக்கு அங்கே ஓட இடமே இல்லை. ஹூணர்களின் அரசனாகப்போகும் அட்டிலா வளர்ந்து வர இன்னும் காலம் இருக்கிறது, ஒரு வருடத்துக்கு நான்கு சுற்று என்பதால் அவகாசம் நினைப்பதைவிட அதிகம். ஆனால் அவனை ஒரு சண்டையில் தோற்கடித்ததோடு கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம், காயத்தோடு திரும்பி வருவான்.

கடைசியாக ஒன்று, ஆகக் கடினமான 'லெஜண்டரி' நிலையில் ஆடுகிறீர்கள் என்றால் இப்போதைக்கு இறங்கிவாருங்கள். அதில் விரும்பிய இடத்தில் சேவ் செய்து திரும்பிப்போக முடியாது, எதை விட்டால் என்ன நடக்கிறது என்று பரீட்சித்துப் பார்க்கவும் வழியில்லை. சாதாரண நிலையில் பிரித்தானியாவை விட்டுப்பார்த்து, அடுத்த தடவை ரைன் ஆற்றங்கரையையும் சேர்த்து விட்டுப்பாருங்கள், எந்த எல்லைக்கோடு உங்கள் படைக்கு அளவானது என்று அப்போது பிடிபடும்.