ஐடி வேலைய விட்டுட்டு ஸ்பெஷல் எஜுகேட்டரா போகலாமா?

வாசகி ஒருத்தங்க கேட்டிருக்கறத சுருக்கமா சொல்லிடறேன். வயசு 33, பி.இ. முடிச்சு பதினோரு வருஷமா ஐடி, இப்போ சோழிங்கநல்லூர்ல பேக்எண்ட் டெவலப்பர், கைக்கு 1,35,000 வருது. வீட்டுக்காரர் தனியார் பேங்க்ல, அவருக்கு 70,000. வீட்டு லோன் பாக்கி 40 லட்சம், இன்னும் 16 வருஷம், ஈஎம்ஐ 38,000. அது போக வீட்டுச் செலவு 60,000, மியூச்சுவல் ஃபண்ட்ல 6 லட்சம் இருக்கு. ரெண்டாங்கிளாஸ் படிக்கற ஒரு பொண்ணு. இப்ப இருக்கற கம்பெனில சேர்ந்து நாலு வருஷம் ரெண்டு மாசம் ஆகுது. ரெண்டு வருஷமா சனிக்கிழமை ஒரு ஸ்பெஷல் ஸ்கூலுக்கு, அதாவது மாற்றுத்திறன் குழந்தைங்க படிக்கற ஸ்கூலுக்கு வாலண்டியரா போறாங்க, "அந்த மூணு மணி நேரத்துக்காகத்தான் மத்த அஞ்சு நாளையும் ஓட்டறேன், பி.எட். ஸ்பெஷல் எஜுகேஷன் படிச்சுட்டு முழு நேரமா இதுக்கே வந்துடலாமா, அம்மா இதுக்கா உன்ன பி.இ. படிக்க வச்சோம்னு அழறாங்க"ன்னு எழுதியிருக்காங்க.

என் பதில முதல்லயே சொல்லிடறேன். வரலாம், ஆனா இந்த மாசமே பேப்பர் போட, அதாவது ராஜினாமா பண்ண வேணாம், ஒன்றரை வருஷம் கழிச்சு போடுங்க. அந்த ஒன்றரை வருஷத்துல ஒரு பக்கம் காசு சேரணும், இன்னொரு பக்கம் நீங்க விரும்பறது இந்த வேலையத்தானான்னு தெரியணும், ரெண்டாவதுதான் ரொம்ப முக்கியம்.

ஏன்னா நீங்க இதுவரைக்கும் பார்த்தது சனிக்கிழமை. சனிக்கிழமைல பாட்டு, பெயிண்டிங், விளையாட்டு, குழந்தைங்க உங்கள பார்த்ததும் ஓடி வர்றது எல்லாம் இருக்கும், அந்த சந்தோஷம் உண்மையானதுதான், நான் குறைச்சு சொல்லல. ஆனா சம்பளத்துக்கு செய்யற வேலை செவ்வாய்க்கிழமை காலைல பத்து மணிக்கு நடக்கறது. ஒரு ஒன்பது வயசு பையனுக்கு சட்டை பட்டன் போட சொல்லிக் கொடுக்கறத எடுத்துக்கோங்க. மொத்தத்தையும் ஒரேயடியா சொல்லித் தர மாட்டாங்க, சின்னச் சின்ன படியா பிரிச்சு கடைசிப் படியில இருந்து ஆரம்பிப்பாங்க, அதாவது டீச்சரே பட்டன ஓட்டைக்குள்ள பாதி நுழைச்சு வச்சுட்டு, அந்தப் பக்கம் இழுத்து விடறத மட்டும் பையன் செய்யணும், அது நல்லா வந்த பிறகுதான் அதுக்கு முந்தின படி. ஒவ்வொரு தடவையும் தானா செஞ்சானா, வாயால சொன்னதும் செஞ்சானா, கைய பிடிச்சு செய்ய வச்சோமான்னு ஷீட்ல குறிக்கணும், அதே பட்டன் அதே ஷீட்டுன்னு வாரக்கணக்கா போகும், மாசக்கணக்காவும் போகும். நடுவுல மே மாச லீவு வந்து திரும்பி வரும்போது பாதி மறந்துட்டு வருவான், மறுபடி பின்னாடி போய் ஆரம்பிக்கணும். அன்னிக்கே இன்னொரு குழந்தை சத்தம் தாங்க முடியாம கைய கடிச்சு வச்சிருக்கும், சாயங்காலம் ஒரு அம்மா வந்து "எப்ப மிஸ் பேசுவான்"னு கேட்பாங்க, அதுக்கு பொய் சொல்லாம நம்பிக்கையும் உடைக்காம ஒரு பதில் சொல்லணும், அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனி கல்வித் திட்டம் எழுதணும்.

இதப் படிக்கும்போது உங்களுக்கு சலிப்பா இருக்கா, இல்ல அந்த ஷீட்ட பார்க்கணும் போல இருக்கா? ரெண்டாவதுன்னா நீங்க இந்த வேலைக்கு ஆளு. ப்ரோக்ராம் ஓடினதோட பதிவ, அதாவது லாக பார்த்து எங்க உடையுதுன்னு பொறுமையா தேடற பழக்கம் பதினோரு வருஷமா கைல இருக்கு, நல்ல ஸ்பெஷல் எஜுகேட்டருக்கு வேண்டிய குணத்துல பெரிய பங்கு அதுதான்.

அதனால முதல் வேலையா அந்த ஸ்கூல் பிரின்சிபால் கிட்ட பேசி, ஒரு முழு வாரம் லீவு போட்டு திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும், காலைல பெல் அடிக்கறதுல இருந்து டீச்சருங்க கிளம்பற வரைக்கும் கூடவே இருங்க. மூணு நாலு மாசம் கழிச்சு இன்னொரு வாரம், அது வேற ஸ்கூல்ல. கோட்டூர்புரத்துல வித்யாசாகர் 1985ல இருந்து இருக்கு, உங்களுக்கு கிட்டக்கவே ஈசிஆர்ல முட்டுக்காடுல நிப்மெட், அதாவது பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கு. இந்த மாதிரி இடங்கள நேர்ல போய் பார்த்து, அங்க வேலை செய்யறவங்க கிட்ட சம்பளம், லீவு, உடம்பு வலி எல்லாத்தையும் கூச்சப்படாம கேளுங்க.

இன்னொன்னும் பார்க்கணும். உங்களுக்கு சலிச்சுப் போனது ஐடியா, இல்ல இப்ப இருக்கற டீமா? ராத்திரி ஒன்பது மணி கிளையண்ட் கால், முறை வச்சு எந்நேரமும் கூப்பிட்டா வரணுங்கற ஆன்கால் ரொட்டேஷன், வருஷா வருஷம் அப்ரைசல்ல மனசு நொந்து போறது, இதெல்லாம் சேர்ந்து அழுத்தும்போது எதிர்ல தெரியற எந்த வேலையும் கோயில் மாதிரித்தான் தெரியும். டீமோ கம்பெனியோ மாத்தினா போதும்னு இருக்கறவங்க ஸ்பெஷல் ஸ்கூலுக்கு வந்தா ரெண்டே வருஷத்துல அங்கயும் களைச்சுப் போயிடுவாங்க. இப்படி களைச்சுப் போறத பர்ன் அவுட்னு சொல்வாங்க, அதப் பத்தி 1974ல ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர்ங்கற உளவியலாளர் எழுதினது எந்த ஆபீஸையும் பார்த்து இல்ல, நியூயார்க்ல இலவச கிளினிக்ல அடுத்தவங்களுக்காக உழைச்சுட்டு இருந்தவங்கள பார்த்துதான். அப்புறம் கிறிஸ்டினா மாஸ்லாக் அத அளக்க ஒரு முறையே உண்டாக்கினாங்க, மனசு வத்திப் போறது, எதிர்ல இருக்கறவர மனுஷனா பார்க்க முடியாம போறது, நான் செஞ்சு என்ன ஆச்சுங்கற எண்ணம், இந்த மூணத்தான் அதுல பார்ப்பாங்க. மனசுக்குப் பிடிச்ச வேலைங்கறதால இது வராதுன்னு நினைக்காதீங்க, பிடிச்ச வேலைலதான் நாம நேரம் காலம் பார்க்காம நம்மள செலவு பண்ணுவோம்.

இனி காசு. ஸ்பெஷல் ஸ்கூல்கள்ல ஆரம்ப சம்பளம் பல இடத்துல 20,000 பக்கம்தான், உங்க கணக்குக்கு அதையே வச்சுக்கலாம். படிப்பு ரெண்டு வருஷம், அந்த ரெண்டு வருஷமும் உங்க சம்பளம் பூஜ்யம். வீட்டுக்காரர் 70,000ல ஈஎம்ஐ 38,000 போனா நிக்கறது 32,000, செலவு 60,000, அப்ப மாசம் 28,000 துண்டு விழும், 24 மாசத்துக்கு 6,72,000. ஃபீஸ், போக்குவரத்துன்னு 1 லட்சம் ஒதுக்குங்க. அவசரத்துக்கு ஆறு மாச செலவு ஈஎம்ஐயோட சேர்த்து 5,88,000, இதுல கை வைக்கவே கூடாது. இதெல்லாம் தாண்டி படிச்சு வேலைக்கு வந்த பிறகும் 70,000ம் 20,000ம் சேர்ந்து 90,000 தானே, செலவு 98,000, மாசம் 8,000 குறையுது, இதுதான் நிறைய பேர் கணக்குல விட்டுடற இடம், படிப்பு முடிஞ்சா சரியாயிடும்னு நினைச்சுட்டு வர்றவங்கள இந்த எட்டாயிரம்தான் திரும்ப ஐடிக்கே அனுப்புது.

இத அடைக்க வழி லோன்ல இருக்கு. ஃப்ளோட்டிங், அதாவது ஏறி இறங்கற வட்டில எடுத்த வீட்டு லோன்ல முன்கூட்டியே கட்டினா பேங்க் அபராதம் போட முடியாது. சுமார் 8,40,000 கட்டினா ஈஎம்ஐ 38,000ல இருந்து 30,000க்கு வந்துடும், ஆனா நீங்க ஒண்ணும் சொல்லாம கட்டினா பேங்க் பெரும்பாலும் ஈஎம்ஐய அப்படியே வச்சுட்டு வருஷத்த குறைச்சுடும், உங்களுக்கு வேண்டியது அது இல்ல, "தவணைக் காலம் அப்படியே இருக்கட்டும், ஈஎம்ஐய குறைங்க"ன்னு எழுதிக் கொடுத்து வாங்குங்க. எல்லாம் கூட்டினா 22 லட்சம் வருது. கைல 6 லட்சம் இருக்கு. இப்ப ரெண்டு பேர் சம்பளத்துல செலவு போக 1,07,000 மிஞ்சணும், அதுல 85,000 கண்டிப்பா ஒதுக்கினா ஒன்றரை வருஷத்துக்குள்ள முடிஞ்சுடும்.

கிராஜுவிட்டிய, அதாவது வேலைய விடும்போது கம்பெனி தர்ற பணிக்கொடைய சேர்த்துத்தான் அப்படி சொல்றேன். பொதுவா அஞ்சு வருஷம் முடிச்சாத்தான் அது கைக்கு வரும், உங்களுக்கு இன்னும் பத்து மாசம் பாக்கி. பேசிக் 60,000ன்னு வச்சா 15 நாள் சம்பளம் வீதம் அஞ்சு வருஷத்துக்கு சுமார் 1,73,000, இத விட்டுட்டு வர்றதுல ஒரு அர்த்தமும் இல்ல. ஹெல்த் இன்ஷூரன்ஸ் இன்னிக்கே எடுங்க, கம்பெனி பாலிசி வேலையோட போயிடும், தனி பாலிசில ஏற்கனவே இருக்கற நோய்க்கு மூணு வருஷம் வரைக்கும் காத்திருக்க வைக்கலாம், அந்த காலம் நீங்க ஐடில இருக்கும்போதே ஓடட்டும். டேர்ம் இன்ஷூரன்ஸும் இப்பவே எடுத்துடுங்க, அதுல உங்க வருமானத்த பார்த்துத்தான் எவ்வளவு தொகைக்கு பாலிசி தர்றதுன்னு முடிவு பண்ணுவாங்க.

படிப்பு விஷயத்துல ஒரே ஒரு எச்சரிக்கை, ஆனா பெரிய எச்சரிக்கை. மூணு மாச ஆன்லைன் சர்டிஃபிகேட் வாங்கி "ஆட்டிசம் தெரபிஸ்ட்" ஆகலாம்னு விளம்பரம் வரும், அந்தப் பக்கமே போகாதீங்க. 1992 இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி, எல்லாரும் ஆர்சிஐனு சொல்வாங்க, அவங்க அங்கீகரிச்ச படிப்பு படிச்சு மத்திய பதிவேட்டுல பேர் ஏறி சிஆர்ஆர் நம்பர் வாங்கினாத்தான் நீங்க ஸ்பெஷல் எஜுகேட்டர், இல்லாம தொழில் பண்றது தண்டனைக்குரிய குற்றம். காலேஜ் அங்கீகாரம் இந்த வருஷ பேட்ச்சுக்கு இருக்கான்னு ஆர்சிஐ வெப்சைட்ல நீங்களே பாருங்க, காலேஜ்காரங்க வாய்வார்த்தைய நம்பி ஃபீஸ் கட்டாதீங்க. பி.இ. படிச்சவங்களுக்கு பி.எட்.ல தகுதி மார்க் விதி வேறயா இருக்கலாம், ப்ராஸ்பெக்டஸ்ல அத முதல்ல பாருங்க.

வேலை கிடைக்குமான்னு கேட்டா, தேவைக்குக் குறைவே இல்ல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை குறைபாடுகள பட்டியல் போட்டிருக்கு, ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதுல உண்டு. சாதாரண ஸ்கூல்கள்லயே ஆரம்பப் பள்ளில இப்படிப்பட்ட பத்து குழந்தைக்கு ஒரு ஸ்பெஷல் டீச்சர், அதுக்கு மேல பதினஞ்சுக்கு ஒருத்தர்னு 2021ல உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. ஆனா தேவை இருக்கறதும் நல்ல சம்பளம் கொடுக்கறதும் வேற வேற, அரசுப் பள்ளிகள்ல சமக்ர சிக்ஷாங்கற பள்ளிக் கல்வித் திட்டத்துல வேலை பார்க்கற ஸ்பெஷல் டீச்சருங்க தொகுப்பூதியத்துலதான் வருஷக்கணக்கா இருக்காங்க, அவங்க செய்யற வேலைக்கு அது அநியாயம்னுதான் நான் நினைக்கறேன், தெரிஞ்சே வாங்க.

அம்மாவுக்கு பதில் சொல்லணும்னா, பி.இ. வீணாப் போகாத ஒரு வழியும் இருக்குன்னு உட்கார வச்சு சொல்லுங்க, அத நீங்களும் நிஜமாவே யோசிக்கணும். பேச முடியாத குழந்தைங்க படத்த தொட்டா அதுவே பேசற ஆவாஸ் ஆப் சென்னைல பிறந்தது, ஐஐடி மெட்ராஸ்ல படிச்ச அஜித் நாராயணன், வித்யாசாகர் குழந்தைங்களோட சேர்ந்து வேலை செஞ்சு உருவாக்கினது. ஐஐடி மெட்ராஸ்லயே சுஜாதா ஸ்ரீனிவாசன் தலைமைல ஒரு மையம் எழுந்து நிக்கற வீல்சேர் வரைக்கும் செஞ்சிருக்கு. தென்காசி பக்கம் ஆய்க்குடில அமர் சேவா சங்கத்த 1981ல ஆரம்பிச்ச ராமகிருஷ்ணன் இன்ஜினியரிங் படிக்கும்போது கழுத்துக்குக் கீழ செயலிழந்தவர், அவர் கூட தோள் கொடுத்த சங்கரராமன் ஒரு ஆடிட்டர், கணக்கும் நிர்வாகமும் தெரிஞ்ச ஆள் இல்லாம அவ்வளவு பெரிய நிறுவனம் நிக்காது. உங்கள மாதிரி பேக்எண்ட் தெரிஞ்சவங்க இப்படிப்பட்ட இடங்களுக்கு கிடைக்கறதே அபூர்வம், ஐடி அளவுக்கு வராட்டியும் 20,000த்த விட நல்ல சம்பளமும் கிடைக்கும். ஆனா ஒண்ணு, அங்க நீங்க மறுபடியும் லேப்டாப் முன்னாடிதான் உட்காருவீங்க. குழந்தையோட கை உங்க கைல இருக்கணும்னுதான் இவ்வளவும்னா இந்த வழி உங்களுக்கு பாதி சாப்பாடுதான், அப்ப பி.எட்.டே படிங்க. அந்த ஒரு வாரம் முழுசா இருந்துட்டு வந்த பிறகு இதுக்கு பதில் உங்களுக்கே தெரிஞ்சுடும்.

வயசப் பத்தி கவலைப்பட வேணாம், 35ல சேர்ந்து 37ல முடிச்சா இருபது வருஷத்துக்கு மேல வேலை செய்யலாம். சேர்றதுக்கு முன்னாடி முடிவு பண்ண வேண்டியது ஸ்பெஷலைசேஷன், ஏன்னா பி.எட்.ல அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, செவித்திறன், பார்வைன்னு தனித்தனியா இருக்கு, சிஆர்ஆர் பதிவும் அத வச்சுத்தான். சீட் எதுல கிடைக்குதோ அதுல சேர்ந்துடாதீங்க, ரெண்டு ஸ்கூல்லயும் ஒரு வாரம் இருக்கும்போது எந்தக் குழந்தைங்க கூட சாயங்காலம் வரைக்கும் களைப்பு தெரியாம இருந்தீங்கன்னு அன்னன்னிக்கு ராத்திரி குறிச்சு வைங்க, அத வச்சு எடுங்க.