நாடக இயக்குநராக வேண்டும் என்றால் எங்கிருந்து தொடங்குவது?

நடிப்பில் ஆர்வமில்லை, மேடை நாடகம் இயக்கத்தான் ஆசை, படிப்பதா குழுவில் சேர்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், மாதச் சம்பளத்தில் ஒரு வேலையும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அந்த வேலையை இப்போதைக்கு விட்டுவிடாதீர்கள்.

படிக்கலாம். டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் மூன்று வருடப் படிப்பு, உதவித்தொகையும் உண்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் நாடகத்துக்கென்று துறை இருக்கிறது. நான் டெல்லியில் கடைசிக்கட்டத் தேர்வு வரை போய்த் திரும்பி வந்தவன். படித்தவர்கள் கோபிக்க வேண்டாம், படிப்பு வீண் என்று சொல்ல வரவில்லை. இடம் கிடைக்காதவனின் வயிற்றெரிச்சல் என்பீர்கள். கொஞ்சம் அதுவும்தான்.

எனக்குப் பாடம் நடந்தது 2011-ல், முதல் நாடகத்தில். அப்போது 1954-ஆம் வருடத்து நாடகச் சட்டம் உயிரோடு இருந்தது. நாடகப் பிரதியைப் போலீசிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி போட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது 2013-ல்தான். அனுமதிக்கு அலைந்ததில் பாதி ஒத்திகைக்கு நான் போகவே இல்லை. நடிகர்கள் தாங்களாகவே மொட்டை மாடியில் பயிற்சி செய்தார்கள். உண்மையைச் சொன்னால், நான் இல்லாத காட்சிகள்தான் நன்றாக வந்திருந்தன.

அரங்கம் எங்கள் கைக்கு வந்தது நாடகத்தன்று மதியம் இரண்டு மணிக்கு. ஏழு மணிக்கு நாடகம். ஒளி மாற்றங்களை நாற்பத்திரண்டாகப் பிரித்து, கலர் பென்சிலில் சார்ட் போட்டு வைத்திருந்தேன். லைட் வாடகைக்கு விடும் அண்ணன் அதை ரொம்ப மரியாதையாகப் பார்த்துவிட்டு, "தம்பி, நம்மகிட்ட டிம்மர் ஆறுதான்" என்றார். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற கருவிதான் டிம்மர். அப்புறம் மேடை ஓரத்தில் உட்கார்ந்து, பார்ப்பவருக்கு எது தெரியும் எது தெரியாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அடித்துக்கொண்டே வந்தார். ஒன்பது மிஞ்சியது. நீலத் தாளை லைட்டில் மாட்டக் கிளிப் போதாமல், நாயகியின் அம்மா தலையிலிருந்து ஹேர்பின் வாங்கிக் குத்தினோம். அந்த நீல வெளிச்சத்தில் கிழவி தனியாக உட்கார்ந்திருந்த காட்சியைப் பற்றி இன்றைக்கும் யாராவது பேசுவார்கள்.

அதனால் முதலில் ஒரு குழுவில் சேருங்கள். இயக்குநராக வேண்டாம், மேடை நிர்வாகியாகச் சேருங்கள். சாவி வாங்குவது, டீ சொல்வது, வராத நடிகருக்குப் போன் அடிப்பது எல்லாம் உங்கள் தலையில் விழும், விழட்டும். ஒரு வருடம் கழித்து நாலு நடிகர்களை வைத்து அரை மணி நேர நாடகம் ஒன்று போடுங்கள். செட் வேண்டாம்.

வருமானம்? முதல் நாடகத்தில் முப்பத்தெட்டாயிரம் நஷ்டம். இன்றுவரை சோறு போடுவது பள்ளிக்கூட நாடக வகுப்புகள்தான். இதை ஒரு தொழில் என்று சொல்லலாமா என்று சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

இன்னொன்று, இயக்குநர் என்று சொன்னால் "எந்தப் படம் சார்?" என்பார்கள். கூத்துப்பட்டறை என்ற சென்னை நாடகக் குழுவிலிருந்து சினிமாவுக்குப் போனவர்கள் பெயரை மூச்சு விடாமல் சொல்பவரிடம், அதை 1977-ல் தொடங்கிய ந. முத்துசாமி எழுதிய ஒரு நாடகத்தின் பெயரைக் கேட்டுப் பாருங்கள், முழிப்பார். 'நாற்காலிக்காரர்' என்று எடுத்துக் கொடுத்தாலும், "அது ஓடிச்சா?" என்பார்.

இதைக் கேட்கவில்லை நீங்கள், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு பள்ளியில் ஆண்டு விழாவுக்காக இரண்டு மாதம் அறுபது பிள்ளைகளை வைத்து நாடகம் போட்டேன். பேசிய தொகையில் பாதிதான் வந்தது. மீதிக்கு மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். என் பீரோவில் இப்படி முப்பத்தொரு பொன்னாடை இருக்கிறது. கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று ஒருமுறை கேட்டே பார்த்துவிட்டேன். பில் வேண்டுமாம்.