தோற்றதற்காக யாரும் விட்டுப் போகவில்லை

2025 நவம்பரில் நம் சிங்கப்பூர் அணி ஹாங்காங்கை வென்று ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றதே, அதிலிருந்து காற்பந்தைப் பற்றித்தான் அதிகம் கடிதம் வருகிறது. எல்லாவற்றுக்கும் இடம் இல்லை. நான்கை எடுத்துக்கொள்கிறேன். நடுவில் ஒரு பேஸ்பால் கடிதமும் இருக்கிறது, அதையும் தாண்டிப் போய்விடாதீர்கள், சொல்லவேண்டிய விஷயத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: ஐயா, எனக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. சின்ன வயதில் அப்பாவோடு காலாங் அரங்கத்துக்குப் போவேன். 1994-ல் மலேசியாவின் ஷா ஆலமுக்கே பஸ் ஏறிப் போய் மலேசியக் கிண்ண இறுதி ஆட்டம் பார்த்தவன். அடுத்த வருடம் நடந்ததெல்லாம் பார்த்து மனசு விட்டுப்போய், அதோடு நிறுத்திவிட்டேன். ஹாங்காங் ஆட்டத்தன்று மகன் போன் செய்து டிவியைப் போடச் சொன்னான். பார்த்தேன், கண் கலங்கிவிட்டது. அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்கட்டுமா என்கிறான். முப்பது வருடம் எட்டிப் பார்க்காதவன் ஜெயிக்கும்போது மட்டும் போய் உட்கார்ந்தால், விடாமல் போய்க்கொண்டிருந்தவர்கள் என்ன நினைப்பார்கள்?
— தோ பாயோ வாசகர்

பதில்: எடுக்கச் சொல்லுங்கள் ஐயா, இன்றைக்கே.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தோல்வியைப் பார்த்து ஓடியவர் இல்லை. 1993-ஐ நினைத்துப் பாருங்கள். மலேசிய லீக்கில் நாம் இரண்டாம் பிரிவில் கிடந்தோம். அந்த வருடம்தான் வி. சுந்தரமூர்த்தி புருணைக்கு எதிராக, முதுகு தரையைப் பார்க்க அந்தரத்தில் எழும்பி, தலைக்கு மேல் காலைச் சுழற்றி ஒரு கோல் போட்டார். இப்போதும் காப்பிக்கடையில் அந்தப் பேச்சை எடுத்தால் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கிறார். கடைசியில் மலேசியக் கிண்ண இறுதியில் கெடாவிடம் இரண்டு கோலில் தோற்றோம். தோற்றுவிட்டோம் என்று யாராவது விட்டுப் போனார்களா? மறுவருடம் இன்னும் பெரிய கூட்டம்தான் வந்தது. லீக்கும் நமக்கே, கிண்ணமும் நமக்கே. இறுதியில் பகாங்குக்கு எதிராக நான்கு கோல், அப்பாஸ் சாட் மூன்று, ஃபாண்டி அகமது ஒன்று. இது உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, நீங்கள் அங்கேயே இருந்தவர்.

அப்புறம் என்ன நடந்தது? ஆட்டத்தை விலைக்கு வாங்கிய விவகாரம் வழக்கு வரைக்கும் போனது. டிக்கெட் வசூலில் யாருக்கு எவ்வளவு என்று சிங்கப்பூர், மலேசியக் காற்பந்துச் சங்கங்களுக்குள் தகராறு. 1995-ல் சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளைவிட்டே விலகியது. கிண்ணத்தைத் தூக்கிய கை இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. சிலாங்கூரும் ஜொகூரும் பகாங்கும் திட்டித் தீர்க்கக் கிடைத்த அருமையான எதிரிகள், அவர்களும் இல்லை என்றாகிவிட்டது. 1996-ல் நமக்கென்று எஸ் லீக் என்ற உள்ளூர் லீக் வந்தது. நல்ல முயற்சிதான், ஆனால் நேற்றுவரை சிங்கப்பூர் என்று ஒரே குரலாகக் கத்தியவர்களிடம் இனி பேட்டைக்கு ஒரு அணியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றால் மனசு அவ்வளவு சீக்கிரம் பழகாது. ஆக நீங்கள் விட்டுப் போனீர்கள் என்பதைவிட, உங்களிடமிருந்து அதைப் பிடுங்கிவிட்டார்கள் என்பதுதான் சரி. ரசிகன் எத்தனை தோல்வியையும் தாங்குவான், தன் பாசத்தை யாரோ கணக்குப் புத்தகத்தில் வைத்துப் பேசுகிறார்கள் என்று தெரிந்தால்தான் எழுந்து போவான்.

விடாமல் போனவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்கிறீர்கள். அவர்களில் பலரை எனக்குத் தெரியும். 1998-ல் ஹனோயில் ஆர். சசிகுமாரின் தோள்பக்கம் பட்டுப் பந்து உள்ளே போய் தென்கிழக்காசிய நாடுகளின் டைகர் கிண்ணத்தை வென்றபோது இருந்தவர்கள். அதன்பின் 2004, 2007, 2012 என்று மூன்று முறை வட்டாரக் கிண்ணம் வந்தபோதும் இருந்தார்கள், பிறகு வருடக்கணக்கில் ஒன்றுமே இல்லாதபோதும் இருந்தார்கள். 2021 கிறிஸ்துமஸ் இரவு அதே வட்டாரக் கிண்ணத்தில் இந்தோனீசியாவுடன் அரையிறுதி நடந்ததே, அதை மட்டும் தேடி எடுத்துப் பாருங்கள் ஐயா. ஒன்பது பேராகக் குறைந்த பிறகும் ஷாஹ்டான் சுலைமான் ஃப்ரீ கிக்கில் கோல் போட்டு நம்மை முன்னால் கொண்டுபோனார். கூடுதல் நேரத்தில் கோல்காவலர் ஹசான் சன்னியும் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, எட்டுப் பேர்தான் மிச்சம். மாற்று ஆட்டக்காரரை இறக்க வழியில்லாமல், கோல் போடவேண்டிய இக்சான் ஃபாண்டி கையுறையை மாட்டிக்கொண்டு கம்பத்துக்கு நடுவில் போய் நின்றார். 4–2 என்று தோற்றோம். அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. அன்றைக்கு அங்கே இருந்தவர்களுக்கு நீங்கள் முப்பது வருடம் எங்கே போனீர்கள் என்ற கணக்கு வேண்டாம், பக்கத்து இருக்கையில் கத்துவதற்கு இன்னொரு தொண்டை வேண்டும். அவ்வளவுதான்.

இன்னொன்று. உங்கள் ஷா ஆலம் ஆட்டத்தில் கோல் போட்ட ஃபாண்டியின் மகன்களில் ஒருவர்தான், இல்ஹான், ஹாங்காங்கில் வெற்றி கோல் போட்டார். ஒரு கோல் பின்தங்கி, இடைவேளைக்குப் பிறகு ஷவால் அனுவார் சமன்செய்ய, அடுத்த சில நிமிடங்களில் இல்ஹான். 1984-ல் போட்டியை நாமே நடத்தியதால் ஆசியக் கிண்ணத்தில் ஆடினோம், ஆடித் தகுதிபெற்றுப் போவது இதுதான் முதல் தடவை. நீங்கள் உங்கள் அப்பாவோடு போனீர்கள், இப்போது உங்கள் மகன் உங்களைக் கூப்பிடுகிறார். இதற்கு மேல் என்ன யோசனை?

கேள்வி: சார், வேலை விஷயமாகக் கலிஃபோர்னியாவில் பல வருடம் இருந்தேன். அங்கே ஓக்லண்ட் அத்லெட்டிக்ஸ் பேஸ்பால் அணிமேல் பைத்தியமாகிவிட்டேன். சிங்கப்பூர் திரும்பிய பிறகும் காலையில் எழுந்து ஸ்கோர் பார்ப்பேன். 2024-ல் அணி ஓக்லண்டைவிட்டே போய்விட்டது. இங்கே யாரிடம் சொன்னாலும், "உனக்கு என்ன வந்தது" என்கிறார்கள். அந்த அணியைத் தொடரவும் பிடிக்கவில்லை, வேறு அணிக்கு மாறவும் மனசு வரவில்லை.
— சுவா சூ காங் வாசகர்

பதில்: உங்களுக்கு என்ன வந்தது என்று கேட்பவர்களிடம் பழைய காலாங் அரங்கத்தை இடித்ததைப் பற்றிக் கேளுங்கள். புரிந்துகொள்வார்கள்.

ஓக்லண்ட் ரசிகர்கள் வராததால்தான் அணி போகிறது என்று ஒரு பேச்சு இருந்தது. அதற்கு அவர்கள் 2023 ஜூன் 13-ல் பதில் சொன்னார்கள். வழக்கமாகச் சில ஆயிரம் பேர் வந்துகொண்டிருந்த அரங்குக்கு அன்று 27,759 பேர் வந்தார்கள். அணியை விற்றுவிடு என்று எழுதிய பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு உரிமையாளருக்கு எதிராகக் கத்தினார்கள். தங்கள் அணியின்மேல் அன்பு இருக்கிறது, அதை வைத்திருப்பவர்மேல் இல்லை என்று எவ்வளவு தெளிவாகச் சொன்னார்கள் பாருங்கள். இருந்தும் 2024 செப்டம்பர் 26-ல் கடைசி ஆட்டம், நாற்பத்தாறாயிரம் பேருக்கு மேல். டெக்சஸை 3–2 என்று வென்றார்கள். லாஸ் வேகஸில் புது அரங்கம் தயாராகும்வரை சாக்ரமெண்டோ பக்கம் ஆடப் போய்விட்டார்கள்.

பேஸ்பாலில் இது புதிதும் இல்லை. புரூக்ளின் டாஜர்ஸ் 1957 சீசனோடு லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனது. அதே சமயம் ஜயண்ட்ஸும் நியூயார்க்கைவிட்டுப் போனது. 1962-ல் மெட்ஸ் என்று புது அணி வந்தபோது, போன இரண்டு அணிகளின் நீலத்தையும் ஆரஞ்சையும் சேர்த்துத் தன் நிறமாக வைத்துக்கொண்டது. அடுத்து 1994. நாம் கிண்ணம் தூக்கிய அதே வருடம், அங்கே ஆகஸ்டில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து, முதலாளிகளோடு சம்பளப் பேச்சு முறிந்து, வேர்ல்டு சீரிஸ் இறுதிப் போட்டியே ரத்தானது. 1904-க்குப் பிறகு அப்படி நடந்ததே இல்லை. அந்த வருடம் முதலிடத்தில் இருந்தது மாண்ட்ரியால் அணி, கடைசியில் அந்த ஊருக்கும் அணி இல்லாமல் போனது. ரசிகர்கள் கொதித்துப்போனார்கள், 1995-ல் ஆட்டம் திரும்பியபோது இருக்கைகள் காலியாகக் கிடந்தன.

அவர்களைத் திரும்பக் கொண்டுவந்தது எது? அதிகாரிகளின் மன்னிப்பு அறிக்கை இல்லை. பால்டிமோரில் கால் ரிப்கன் என்று ஒருவர், ஒருநாள்கூட விடாமல் ஆடிக்கொண்டே இருந்தவர். 1995 செப்டம்பர் 6-ல் தொடர்ந்து 2,131-ஆவது ஆட்டம். 1939-லிருந்து நின்ற லூ கெரிக்கின் சாதனையைத் தாண்டினார். ஆட்டம் 22 நிமிடம் நின்றது. அவர் என்ன செய்தார் தெரியுமா, மைதானத்தைச் சுற்றி ஓரமாகவே நடந்து, தடுப்புக்கு மேல் நீட்டிய கைகளை எல்லாம் பிடித்துக் குலுக்கிக்கொண்டே போனார். வேலைக்கு ஒழுங்காக வந்துபோன ஒரு மனிதர், கோபித்துக்கொண்டு போனவர்களிடம் நேரே வந்து கை கொடுத்தார். எத்தனையோ பேருக்கு மனம் இளகியது அன்றைக்குத்தான்.

உங்களுக்கு என் யோசனை: லாஸ் வேகஸ் அணியைத் தொடர்ந்தே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. 2024-ல் ஓக்லண்டிலேயே பாலர்ஸ் என்று ஒரு சின்ன அணியைத் தொடங்கி, ரைமண்டி பூங்காவைச் சீர்செய்து ஆடுகிறார்கள். ரசிகர்களே அதில் பங்கு வாங்கியிருக்கிறார்கள், 2025-ல் தங்கள் லீக்கையும் வென்றுவிட்டார்கள். பெரிய லீக் இல்லைதான். ஆனால் நீங்கள் நேசித்த ஊரும் அந்த மனிதர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். காலையில் அந்த ஸ்கோரைப் பார்த்துப் பாருங்கள்.

கேள்வி: நான் நிறுத்தவே இல்லை. இருபது வருடமாக லயன்ஸ் என்ற நம் தேசிய அணியின் ஆட்டத்துக்கும் உள்ளூர் லீக்குக்கும் போகிறேன். ஆனால் இப்போது ஒன்றும் தோன்றவில்லை. கோல் விழுந்தாலும் பழக்கத்துக்குக் கை தட்டுகிறேன். இது என்ன நோய்?
— செங்காங் வாசகி

பதில்: நோயெல்லாம் இல்லை அம்மா, அலுப்பு. கடமைக்குப் போக ஆரம்பித்தால் எதுவும் இப்படித்தான் ஆகும், கோயிலுக்குக்கூட. கொஞ்ச நாள் போகாமல் இருங்கள், யாரும் உங்களை வருகைப் பதிவேட்டில் குறிக்கப்போவதில்லை.

திரும்பிப் போகும்போது முடிவைப் பார்க்காமல் ஒரே ஒரு ஆளைப் பாருங்கள். தொண்ணூறு நிமிடமும் அவரை மட்டும். நான் கோல்காவலரைப் பார்ப்பேன். பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது அவர் என்ன செய்கிறார், யாரைக் கூப்பிட்டு நகரச் சொல்கிறார், ஒரு கோல் வாங்கியபின் தண்ணீர்ப் போத்தலை எப்படி எடுக்கிறார் என்று பார்த்தால் அதுவே தனி ஆட்டம். 2024 ஜூனில் பேங்காக்கில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் நாம் தாய்லாந்திடம் 3–1 என்று தோற்ற ஆட்டம் ஒன்று. நமக்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை, ஏற்கெனவே வெளியேறிவிட்டோம். ஆனால் ஹசான் சன்னி நாற்பது வயதில் 11 முறை பந்தைத் தடுத்தார். தாய்லாந்து இன்னும் ஒரு கோல் போட்டிருந்தால் சீனா அடுத்த சுற்றுக்குப் போயிருக்காது. மறுநாளிலிருந்து சீன ரசிகர்கள் தெம்பனிஸில் அவர் வைத்திருந்த சாப்பாட்டுக் கடையில் வந்து வரிசை பிடித்தார்கள், வர முடியாதவர்கள் கடையின் கியூஆர் குறியீட்டைத் தேடிப் பணம் அனுப்பினார்கள், அவரே போதும் அனுப்பாதீர்கள் என்று சொல்லவேண்டியதாயிற்று. பயனில்லாத ஆட்டம் என்று நாம் பாதியில் அணைத்துவிட்ட ஒன்றில் அந்த மனிதர் பறந்து பறந்து பந்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். நம்மைவிட அடுத்த நாட்டுக்காரர்கள் அதை நன்றாகப் பார்த்தார்கள் என்பதில் எனக்கு இன்னமும் வருத்தம்தான்.

கேள்வி: வார இறுதியில் இங்கிலீஷ் பிரிமியர் லீக் பார்க்கிறேன். உள்ளூர் ஆட்டத்தின் தரம் அவ்வளவு இல்லையே, எதற்குப் போகவேண்டும்?
— பூன் லே வாசகர்

பதில்: தம்பி, பிரிமியர் லீக்கைப் பாருங்கள், நானும் பார்க்கிறேன். ஒரே ஒரு தடவை ஜாலான் புசார் அரங்கத்துக்கும் வாருங்கள். ஆறாயிரம் பேர் உட்காரும் இடம், எங்கே உட்கார்ந்தாலும் மைதானம் பக்கத்தில். தடுப்பாட்டக்காரர் மலாயில் திட்டுவது, பயிற்றுவிப்பாளர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, பந்தை உதைக்கும் சத்தம் எல்லாம் காதில் விழும். அங்கே நீங்கள் ஓர் ஆட்டக்காரரின் பெயரைச் சொல்லிக் கத்தினால் அவருக்குக் கேட்கும். 2025 மே மாதம் நம் உள்ளூர் அணியான லயன் சிட்டி செய்லர்ஸ் ஆசிய அளவில் ஓர் இறுதி ஆட்டம்வரை போனது, அதுவும் பீஷான் அரங்கத்தில், உங்கள் வீட்டிலிருந்து எம்ஆர்டியில் வந்துவிடலாம். ஷார்ஜா அணியிடம் கூடுதலாகக் கொடுத்த கடைசி நிமிடங்களில் 2–1 என்று தோற்றார்கள். தரத்தைப் பற்றி அதைப் பார்த்தபின் பேசுவோம்.

ஜாலான் புசாருக்கு லிட்டில் இந்தியாவில் இறங்கி நடந்து வாருங்கள், வழியில் தேக்காவில் சாப்பிட்டுவிட்டு வந்தால் நேரம் சரியாக இருக்கும்.