பச்சைச் சிப்பிகளில் கரைக்குக் கரை சுவை வேறுபாடு அறிவது எப்படி?

வணக்கம். நியூயார்க்கில் பன்னிரண்டு பச்சைச் சிப்பிகள் (சமைக்காத ஆய்ஸ்டர்கள்) கலந்த தட்டை வாங்கி, காக்டெயில் சாஸுடன் உண்டும், அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் வேறுபாடு தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சாஸின் புளிப்பும் காரமும் எந்தச் சிப்பியையும் மறைத்துவிடும்.

கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை உணவகங்களுக்கு வருவது பெரும்பாலும் ஒரே இனம்தான். ஆகவே மாசசூசெட்ஸின் வெல்ஃப்ளீட் சிப்பி நன்றாக உப்புக் கரிப்பதற்கும், ஆறுகள் வந்து கலக்கும் செசபீக் விரிகுடாவின் சிப்பி பொதுவாக மென்மையாக இருப்பதற்கும் நீரின் உப்புத்தன்மையே முதன்மைக் காரணம். மேற்குக் கரையிலோ இனமே வேறு. அங்குப் பரவலாக வளர்க்கப்படும் பசிபிக் சிப்பி ஜப்பானிலிருந்து வந்தது. அதில் வெள்ளரிக்காயின் மணம் தோன்றும். அங்கு வளர்க்கப்படும் மற்றோர் இனமான குமமோட்டோ சிறியது, ஓடு குழிவானது, சுவை இனிப்பானது. தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது இதையே. அக்கரைக்கே உரிய இனமான ஒலிம்பியா மிகச் சிறியது, செம்புச் சுவை கொண்டது, எல்லோருக்கும் பிடிக்காது.

அடுத்த முறை மூன்று வகைகளை மட்டும், வகைக்கு இரண்டாகக் கேளுங்கள். மென்மையானதில் தொடங்கி உப்பு மிகுந்ததில் முடியுங்கள். ஒவ்வொரு வகையிலும் முதல் சிப்பியை எலுமிச்சைகூடப் பிழியாமல், ஓட்டிலுள்ள நீரோடு வாயிலிட்டு நன்கு மென்று உண்ணுங்கள், ஏனெனில் இனிப்பு மென்றால்தான் வெளிப்படும். கல்லீரல் நோயோ நோயெதிர்ப்புக் குறைவோ இருப்பின், வெதுவெதுப்பான கடல்நீரில் பெருகும் விப்ரியோ என்ற நோய்க்கிருமியின் காரணமாகப் பச்சைச் சிப்பியை அறவே தவிர்க்க வேண்டும்.