விசிலுக்கு முன் பேனா

கூடைப்பந்து நடுவர் பணி குறித்த வாசகர் கேள்விகளுக்குச் சேலத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியரும் நடுவருமான ஒருவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: கல்லூரி அணியில் ஆடினேன். முழங்கால் காயத்தால் நிறுத்திவிட்டேன். நடுவராக விரும்புகிறேன். எந்தத் தேர்வு எழுத வேண்டும்? நேரடியாக ஃபிபா உரிமம் வாங்க முடியுமா?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: முடியாது தம்பி. சுவிட்சர்லாந்தில் இருக்கும் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவுக்கு நீங்களாக விண்ணப்பம் அனுப்பினால் யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். உங்கள் பெயரை இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்புதான் பரிந்துரைக்க வேண்டும். கூட்டமைப்பின் கண்ணில் படுவதற்கு முதலில் மாநிலக் கழகத்தின் நடுவராக இருக்க வேண்டும். அதற்கும் முன்னால் மாவட்ட அளவில் பள்ளி, கல்லூரி ஆட்டங்களை நடத்திப் பழகியிருக்க வேண்டும். மேலே போகப் போக விதிகள் பற்றிய தேர்வும் ஆட்டத்தை நடத்திக் காட்டும் செய்முறையும் ஓட்டமும் கடுமையாகும். ஃபிபா நிலையில் எல்லாமே ஆங்கிலத்தில்தான். அந்த உரிமமும் ஆயுள் முழுக்க வருவதில்லை. இரண்டு ஆண்டுகளுக்குத்தான் தருவார்கள்.

அத்தனை தூரம் இப்போது யோசிக்க வேண்டாம். முதலில் களத்தின் ஓரத்தில் ஸ்கோர் எழுதும் டேபிளில் உட்காருங்கள். புதிதாக வரும் இளைஞர்கள் எல்லோரும் விசிலோடு வருகிறார்கள்; ஸ்கோர் ஷீட்டை நீட்டினால் முகம் வாடிவிடுகிறது. குமாஸ்தா வேலை என்று நினைப்பு. ஒரு ஷீட்டை முழுதாக எழுதிப் பாருங்கள். முதல், மூன்றாம் கால்பகுதிகளுக்குச் சிவப்பு மை. இரண்டாம், நான்காம் கால்பகுதிகளுக்கு நீலமோ கறுப்போ. ஒரு புள்ளிக்கு ஒரு குறி, இரண்டுக்கு வேறு குறி. மூன்று புள்ளி எடுத்தவரின் எண்ணைச் சுற்றி வட்டம். ஒவ்வொரு ஃபவுலும் எந்த வகை, எத்தனை ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு) என்று எழுதியாக வேண்டும். ஒரு கால்பகுதியில் அணியின் ஃபவுல் நான்கைத் தாண்டியதும் ஆட்டம் எப்படி மாறுகிறது, பந்து உரிமையைக் காட்டும் அம்பு எப்போது திரும்புகிறது என்பதெல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் உடம்பில் ஏறும். களத்தில் நிற்கும் நடுவர் எண்ணைத் தெளிவாகக் காட்டாவிட்டால் எழுதுபவர் படும் பாடும் அங்கேதான் தெரியும். டேபிளில் இருந்து வந்தவரை எனக்குத் தூரத்திலேயே அடையாளம் தெரியும்: ஃபவுல் கொடுத்துவிட்டு ஓடியபடியே கையைக் காட்ட மாட்டார், நின்று, டேபிளின் முகத்தைப் பார்த்து, நிதானமாகக் காட்டுவார்.

விதிப் புத்தகம் ஃபிபாவின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதோடு ‘விளக்கங்கள்’ என்று தனியாக ஒரு தொகுப்பும் உண்டு. இன்ன சூழ்நிலையில் இன்ன தீர்ப்பு என்று அது சொல்லும். புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டு அதைத் தொடாமல் வருபவர்கள்தான் தேர்வில் திணறுகிறார்கள். பழைய பதிப்பை யாராவது அன்பளிப்பாகத் தந்தால் நன்றி சொல்லிவிட்டு அலமாரியில் வைத்துவிடுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

முழங்காலை மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள். 28 மீட்டர் களத்தில் நாற்பது நிமிட ஆட்டம் முழுக்க நடுவருக்கு மாற்று ஆட்டக்காரர் கிடையாது.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் நடுவராக வேண்டும் என்கிறாள். ஆண்கள் ஆட்டத்துக்கும் விடுவார்களா? இதில் வருமானம் உண்டா?
– வாசகி, அம்மாபேட்டை

பதில்: விடுவார்கள் அம்மா. விசிலுக்கு ஆண், பெண் தெரியாது. அமெரிக்காவின் என்.பி.ஏ. ஆட்டத்திலேயே 1997-இல் வயலட் பால்மர் என்ற பெண் நடுவராக இறங்கிவிட்டார்.

வருமானத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஆட்டத்துக்கு ஒரு தொகை, பயணப்படி, சாப்பாடு, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த நடுவர்கள் உடற்கல்வி ஆசிரியர்களாக, ரயில்வேயில், வங்கியில் வேலை பார்ப்பவர்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறார்கள். மகள் படிப்பை முடிக்கட்டும். சனி, ஞாயிறுகளில் பள்ளி ஆட்டங்களுக்கு வரட்டும். வெளியூர்ப் போட்டி என்றால் தங்குமிடம் எங்கே, உடன் வரும் பெண் நடுவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள். அப்படிக் கேட்டதற்காக எந்த ஒருங்கிணைப்பாளராவது முகம் சுளித்தால், அந்தப் போட்டிக்கு அவள் போகவே வேண்டாம்.

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கிறேன். தினமும் மலைச்சாலையில் ஓடுகிறேன். நடுவர் உடற்தகுதித் தேர்வுக்கு இது போதுமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: மூச்சுக்கு நல்லது, தேர்வுக்குப் போதாது. ஃபிபா பயன்படுத்தும் ‘யோ-யோ’ சோதனையில் 20 மீட்டர் ஓடி, திரும்பி 20 மீட்டர் வர வேண்டும். பிறகு பத்து விநாடி இளைப்பாறல். அதிலும் 5 மீட்டர் போய்த் திரும்ப வேண்டும். ஒலி கேட்கக் கேட்க வேகம் கூடும். இங்கே ஆளைக் கவிழ்ப்பது திருப்பம். கோட்டருகே காலை ஊன்றி, உடம்பைத் தாழ்த்தித் திரும்பத் தெரியாதவர் ஒவ்வொரு முறையும் இரண்டு எட்டுகளை வீணாக்குவார். உங்கள் மலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இந்தத் திருப்பத்தைக் கற்றுத் தராது.

பக்கத்தில் இருக்கும் கூடைப்பந்துக் களத்தைக் கேட்டு வாங்குங்கள். 20-உம் 5-உம் சேர்ந்து 25 மீட்டர். களத்தின் நீளத்துக்குள் அடங்கிவிடும். வாரத்தில் இரண்டு நாள் அங்கே, மற்ற நாள் மலைச்சாலை. பனி பெய்த காலையில் சிமெண்டுத் தரை வழுக்கும், ஈரம் காயட்டும்.

கேள்வி: சேலத்தில் நடந்த ஒரு போட்டியில் எங்கள் பையன் மோதி விழுந்தான். நடுவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். இவர்களுக்கெல்லாம் யார் சான்றிதழ் கொடுக்கிறார்கள்?
– வாசகர், செவ்வாப்பேட்டை

பதில்: சான்றிதழ் கொடுப்பவர்களைப் பற்றி மேலே எழுதிவிட்டேன். விழுந்த பையனுக்கு வருகிறேன். மோதல் எல்லாம் ஃபவுல் ஆகாது. தடுப்பவர் விதிப்படி தம் இடத்தைப் பிடித்து நின்றுவிட்டால், அந்த இடத்துக்கு நேர் மேலே இருக்கும் வெளியும் அவருக்கே சொந்தம். கைகளை உயர்த்தி நேராகக் குதிக்கலாம். வந்து மோதியவர் விழுந்தாலும் தவறு மோதியவருடையது. எனவே நடுவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். இரண்டு ஆட்டக்காரர்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி தெரிகிற கோணத்தைத் தேடி நகர்வார். கேலரியில் இருந்து நமக்கு அந்த இடைவெளி தெரியாது, முதுகுதான் தெரியும்.

உங்கள் பையன் விழுந்ததை நான் பார்க்கவில்லை. நடுவர் தவறியும் இருக்கலாம். அடுத்த ஆட்டத்தில் ஒரு கால்பகுதி முழுக்கத் தடுப்பவரின் காலையும் மார்பையும் மட்டும் பாருங்கள். அப்போதும் கோபம் வந்தால் எழுதுங்கள், பதில் போடுகிறேன். நடுவரின் தாயாரைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த வரியை மட்டும் ஆசிரியர் குழு நீக்கிவிட்டது.